விலை கூடிய சைக்கிள் செயின்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஒரே கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் செயின்கள் நான்கைந்து விலையில் கிடைக்கும். அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம்கூட இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான். ஒன்று மங்கலான சாம்பல் நிறம், ஒன்று பளபளக்கும் வெள்ளி, இன்னொன்று தங்க நிறம். கூடுதல் காசு நான்கு விஷயங்களுக்குப் போகிறது: துரு பிடிக்காத பூச்சு, குறைந்த எடை, வழவழப்பு, தேயும் இடத்தில் கடினம். போட்ட காசைத் திருப்பித் தருவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான். விலைச் சீட்டைப் பார்க்கும் முன் அது உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தேய்மானம் எங்கே நடக்கிறது

“செயின் நீண்டுவிட்டது” என்று சொல்வது வழக்கம். உண்மையில் தகடு எதுவும் இழுபடுவதில்லை. வெளித்தகடுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பின் (சிறு ஆணி), உள்தகட்டின் துளை விளிம்புக்குள் சுழல்கிறது. உரசல் நடக்கும் இடம் அதுதான். பல்லில் ஏறும்போது ஒருமுறை மடங்கும், இறங்கும்போது ஒருமுறை நிமிரும். எண்ணெயோடு கலந்த தூசி அங்கே போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

கழித்துப்போட்ட பழைய செயின் இருந்தால் செயின் கட்டரால் ஒரு பின்னைத் தள்ளி எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் புதிதுபோல இருக்கும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் மினுமினுவென்று குழிந்திருக்கும். நகத்தால் நீளவாக்கில் வருடினால் ஒரு சின்னப் படி தட்டுப்படும். அந்தப் படிதான் “நீண்ட” செயின்.

எண்ணில் பார்த்தால் அது எவ்வளவு சிறியது என்று புரியும். ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்ததின் மையம் வரை 12.7 மிமீ, அதாவது அரை அங்குலம். எல்லாக் கியர் செயினுக்கும் இதே அளவுதான். 1 சதவீதத் தேய்மானம் என்றால் ஒரு மூட்டுக்கு 0.127 மிமீ, கிட்டத்தட்ட ஒரு தாளின் கனம். இவ்வளவு தேய்வதற்குள்ளேயே பல்சக்கரத்தின் பல்லைச் செயின் பாழாக்கத் தொடங்கிவிடும். ஆக, ஆயுள் என்பது பின்னும் அது உட்காரும் விளிம்பும் எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்தது. தகட்டின் பளபளப்புக்கு அதில் பங்கில்லை.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் விதம்

நிக்கல் முலாம் என்றால் துருவுக்கு எதிரான பாதுகாப்பு. நிக்கல் மென்மையான உலோகம், தேய்மானத்தைக் குறைக்காது. முதல் படி செயினுக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே பல வேளை வித்தியாசம் இவ்வளவுதான்: ஒன்றில் வெளித்தகட்டுக்கு முலாம் இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. மழையில் ஓட்டி ஈரத்தோடு நிறுத்துகிறவருக்கும் கடலோரத்தில் ஓட்டுகிறவருக்கும் அது நல்ல செலவு. வீட்டுக்குள் நிறுத்தி, வாரம் ஒருமுறை துடைக்கிறவருக்கு அழகுச் செலவு.

துருவை எதிர்க்கவென்றே தகட்டில் தனிப் பூச்சு போட்ட செயின்கள் நிக்கலையும் தாண்டித் தாங்கும். ஆனாலும் அவை காப்பது தகட்டைத்தான். பின்னும் ரோலரும் (பல்லில் உட்காரும் சின்ன வளையம்) உரசும் இடத்தில் பூச்சு நிற்காது, அங்கே காவல் எண்ணெய்தான்.

உள்ளே ஓட்டையான பின், நடுவில் வெட்டிய தகடு, இரண்டும் எடைக்காக. பின்னின் வெளிவிட்டம் மாறாததால் ஆயுள் ஏறக்குறைய அதேதான். ஒரு முழுச் செயினில் மிச்சமாவது 20, 30 கிராம். தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு வாய் குடித்தால் அதே எடை குறைந்துவிடும். வெட்டின் வழியே சேறு வெளியேறும் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் தொல்லை தரும் சேறு மூட்டுக்குள் இருப்பது, தகட்டின் நடுவில் இருப்பது அல்ல.

தங்க நிறம் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. கடினமான பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் அது எந்தப் பாகத்தின் மேல் பூசப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. தகட்டின் மேல் மட்டும் என்றால் பல் உரசும் இடத்தில் நிறம் போய்விடும், ஆயுள் பெரிதாகக் கூடாது.

வழவழப்புப் பூச்சுகளும் உண்டு. ஷிமானோ தன் மேல்படிச் செயின்களில் போடும் சில்-டெக் அந்த வகை. கியர் மாறும்போது சத்தமில்லாமல் ஏறும், அழுக்கு ஒட்டுவது சற்றுக் குறையும். வேகம் கூடும் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்தபோது, சைக்கிள் செயின் காலின் ஆற்றலில் அதிகபட்சமாக 98.6 சதவீதம் வரை சக்கரத்துக்குக் கடத்தியது. சுத்தமான சாதாரணச் செயினில் வீணாவதே கொஞ்சம்தான். அழுக்குச் செயினில் போவது அதைவிட அதிகம்.

தேட வேண்டிய சொல் குரோம். “ஹார்ட் குரோம்”, “கடினப்படுத்திய பின்”, “குரோம் ரோலர்” என்று பின்னையோ ரோலரையோ உள்தகட்டையோ பெயர் சொல்லி எழுதியிருந்தால் அது ஆயுளைக் கூட்டுகிற பூச்சு. ஸ்ராம் நிறுவனத்தின் 12 வேக (பின்னால் 12 பல்சக்கரம் உள்ள) ஈகிள் வரிசையில் மேல்படியான எக்ஸ்01, எக்ஸ்எக்ஸ்1 செயின்களில் இது உண்டு. கீழ்ப்படியான என்எக்ஸில் இல்லை. பெட்டியில் பாகத்தின் பெயரே இல்லாமல் “நீடித்து உழைக்கும்” என்று மட்டும் இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் கொடுக்காதீர்கள்.

வாங்கும் முன் பழையதை அளங்கள்

இரும்பு அளவுகோல் ஒன்று போதும். நெகிழி அளவுகோல் வேண்டாம், அதில் கோடுகளே சரியாக இருக்காது. பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக முன்னோக்கி அழுத்தினால் மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். ஒரு பின்னின் இடது விளிம்பில் பூஜ்யத்தை வையுங்கள். அதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து 24 பின் எண்ணி, அந்த 24ஆவதின் இடது விளிம்பைப் படியுங்கள்.

புதுச் செயினில் 304.8 மிமீ இருக்க வேண்டும். 306.3 என்றால் அரை சதவீதம், 307.1 என்றால் முக்கால், 307.8ஐத் தாண்டினால் ஒரு சதவீதம். 11, 12 வேகச் செயினை அரை சதவீதத்திலேயே மாற்றுங்கள். 8, 9, 10 வேகம் முக்கால் வரை போகலாம். கியர் இல்லாத சைக்கிளில் ஒரு சதவீதம் வரை ஓட்டினாலும் பெரிய நட்டமில்லை.

துளைக்குள் விட்டுப் பார்க்கும் செயின் கேஜ் வேலையைச் சுலபமாக்கும், ஆனால் எல்லாக் கேஜும் உண்மை சொல்லாது. இரண்டு முனையும் ரோலர்களை எதிரெதிர்த் திசையில் தள்ளும் கேஜ், ரோலரின் ஆட்டத்தையும் தேய்மானமாகக் கூட்டிக்கொள்ளும். நல்ல செயினையும் கழிக்கச் சொல்லும். ஷிமானோவின் டிஎல்-சிஎன்42, பார்க் டூலின் சிசி-4 போல மூன்று இடத்தில் தொடுகிற கேஜ் ரோலர்களை ஒரே பக்கமாகத் தள்ளி அளக்கும். விலை கூடிய செயின் போடுகிறவர் முதலில் இந்தக் கேஜுக்குக் காசு செலவழிக்கலாம். எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியாவிட்டால் எந்தச் செயினும் லாபம் தராது.

அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டதா? அப்போது கேள்வி செயின் பற்றியது அல்ல, கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) பற்றியது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால், அதிகம் ஓட்டிய கியர்களில் மிதிக்கும்போது ‘டக்’ என்று குதிக்கும். ஆளில்லாத சமதளத்தில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு கியராக, பலமாக மிதித்துப் பாருங்கள். எழுந்து நின்று சோதிக்க வேண்டாம். குதித்தால் கால் வழுக்கி நேராகக் கம்பியில்தான் விழும். குதிக்கிற கேசட்டில் உயர்ந்த செயினை மாட்டுவது, ஓட்டைப் பானையில் பால் ஊற்றுவதுபோல. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். அல்லது இருக்கிற இரண்டையும் முழுதாகத் தேயும்வரை ஓட்டிவிட்டு ஒரேயடியாகக் கழியுங்கள். மலிவான கேசட் என்றால் இந்தக் கஞ்சத்தனம் நியாயமானதுதான்.

கணக்கு

விலையைக் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். எண்ணெய் போட்டுச் சாலையில் ஓட்டும் செயின் 2000 முதல் 5000 கிமீ வரை வருவது சாதாரணம். மலைப்பாதைச் சேற்றில் 1000ஐத் தொடாமலும் போகலாம். உதாரணத்துக்கு, அடிப்படிச் செயினின் விலை 1 பங்கு, ஆயுள் 3000 கிமீ என்று வைத்துக்கொள்வோம்.

நிக்கல் முலாம் போட்ட இரண்டாம் படிக்கு 1.5 பங்கு. பின் அதேதான், எனவே ஆயுளும் அதே 3000. துருத் தொல்லை இல்லாதவருக்கு இது பாதிக்குப் பாதி நட்டம். குரோம் பின் உள்ளதற்கு 2.5 பங்கு கொடுத்து அது 6000 ஓடினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 0.42 பங்கு ஆகிறது. அடிப்படியில் 0.33தான். அதாவது ஆயுள் இரட்டித்தும் செயின் செலவு மட்டும் பார்த்தால் இன்னும் நட்டம்!

பலரும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுவார்கள். கேசட்டையும் சேர்க்க வேண்டும். மெதுவாக நீள்கிற செயின் பல்லையும் மெதுவாகத்தான் தின்னும். கேசட்டின் விலை 2 பங்குதான் என்றால் அது பெரிய விஷயமில்லை, மலிவுச் செயினே வெல்லும். 12 வேகத்தில் நடுத்தரக் கேசட்டே 8, 10 பங்குக்கு வந்துவிடும். அங்கே ஒரு கேசட்டைக் கூடுதலாக 5000 கிமீ இழுத்தால் செயினின் கூடுதல் விலை மொத்தமும் அதில் அடங்கிவிடும். ஆகவே கேசட் விலை உயர உயரச் செயினுக்கும் செலவழிக்கலாம். கேசட் மலிவென்றால் செயினும் மலிவாகவே இருக்கட்டும், நேரத்துக்கு மாற்றினால் போதும்.

இன்னொரு வழி, கூடுதல் காசு செலவில்லாதது. அடிப்படிச் செயின்கள் இரண்டோ மூன்றோ ஒரே நாளில் வாங்கி, 500, 600 கிமீக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மாட்டுவது. எல்லாம் ஒரே சீராகத் தேயும், கேசட்டும் அவற்றோடு சேர்ந்து தேயும், குதிக்கிற சிக்கல் கடைசிவரை வராது. கழற்றுவதற்கு அலுத்துக்கொள்ளாதவருக்கு ஏற்றது.

யாருக்கு எது

கியர் இல்லாத சைக்கிளுக்கும் 6, 7, 8 வேகத்துக்கும் பெயருள்ள நிறுவனத்தின் அடிப்படிச் செயினே போதும். மழை உண்டென்றால் ஒரு படி மேலே, நிக்கல் அல்லது துருத் தடுப்புப் பூச்சு. இதற்கு மேல் போவது வீண். 9, 10 வேகத்துக்கு நடுப்படி: உள்ளும் வெளியும் முலாம், கடினப்படுத்திய பின். உச்சப் படியின் ஓட்டைப் பின்னுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

11, 12 வேகத்தில் நிலைமை மாறுகிறது. 8 வேகச் செயினின் வெளி அகலம் சுமார் 7 மிமீ, 12 வேகத்தில் ஐந்தேகால் மிமீ அளவுதான். தகடுகள் மெலிந்து, பின் உட்காரும் இடமும் குறுகுகிறது. அந்தக் குறையைக் கடினமான பின்தான் ஈடுகட்டுகிறது. கேசட்டும் யானை விலை. குரோம் பின்னுக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் நியாயமானது. பொருத்தத்திலும் கவனம் வேண்டும். ஸ்ராமின் ஃபிளாட்டாப் செயின் தனி வகை. அதன் இடத்தில் வேறு செயின் போகாது, வேறு இடத்தில் அதுவும் போகாது. ஷிமானோ 12 வேகம் அதற்கேற்ற உள்தகடு கொண்ட செயினோடுதான் ஒழுங்காகக் கியர் மாறும்.

மின்சார சைக்கிளில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெடல் அச்சில் இருந்தால் காலின் விசையும் மோட்டாரின் விசையும் சேர்ந்து செயினில் ஏறும், அதற்கென்று செய்த செயினை வாங்குங்கள். பின்சக்கர நடுவில் இருந்தால் மோட்டாரின் விசை செயினைத் தொடுவதே இல்லை, சாதாரணச் செயின் போதும். மின்சார சைக்கிள் என்ற பெயரைக் கேட்டதுமே விலை கூடியதை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாட்டும்போது பணம் வீணாகும் இடங்கள்

நீளம்தான் முதல் பொறி. பழையதையும் புதியதையும் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிட்டு வெட்டக் கூடாது. 1 சதவீதம் தேய்ந்த 114 கண்ணிச் செயின், புதியதைவிடச் சுமார் 14 மிமீ நீளமாகத் தொங்கும். அது ஒரு கண்ணிக்கும் அதிகம். ஒப்பிட்டு வெட்டினால் எண்ணிக்கை தவறிவிடும். கண்ணிகளை எண்ணுங்கள், 10, 10ஆக நூல் கட்டி எண்ணினால் பிசகாது. பழையதே சரியான நீளம்தானா என்று சந்தேகமிருந்தால், செயினை டிரெய்லியரில் (கியர் மாற்றும் பின்கருவி) நுழைக்காமல் முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் சுற்றி, இரு முனையும் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் அது முழுதாக அமுங்கிய நிலையில் வைத்து அளக்க வேண்டும்.

எழுத்து பொறித்த பக்கம் ஒன்றில் மட்டும் இருக்கும் செயினில் அந்தப் பக்கம் வெளியே தெரியட்டும்.

9 வேகத்துக்கு மேல், தள்ளிய பழைய பின்னையே திரும்ப அடித்து இணைக்கக் கூடாது. அதன் முனை விரித்து அடிக்கப்பட்டது. ஒருமுறை துளையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் பிடிமானம் போய்விடும். செயின் நடுவழியில் அறுவது பெரும்பாலும் இப்படித்தான். இழுவை தாங்காமல் அறுவது அரிது, தகடு பின்னிலிருந்து பக்கவாட்டில் கழன்றுதான் போகும். கூடவே வரும் விரைவு இணைப்பை (குயிக் லிங்க்) பயன்படுத்துங்கள். இரு பாதியையும் கோர்த்து, பெடலைச் சுற்றி அதை மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின்பிரேக்கைப் பிடித்துப் பெடலை ஒரு மிதி. ‘டிக்’ என்று உட்காரும். பின் இரண்டும் துளையின் குறுகிய முனைக்கு முழுதாக நகர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அம்புக்குறி இருந்தால் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்கட்டும். ஷிமானோ, ஸ்ராம் இரண்டுமே 11, 12 வேக விரைவு இணைப்பை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. திரும்பக் கழற்றி மாட்டக்கூடியது என்று குறித்து விற்பவையும் உண்டு. செயின்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறவரும் மெழுகு போடுகிறவரும் அவற்றையே வாங்க வேண்டும்.

புதுச் செயினைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைக்காதீர்கள். தொழிற்சாலையில் மூட்டுக்குள் புகுத்திய கிரீஸ் அளவுக்கு உள்ளே போகிற எண்ணெயை வீட்டில் போட முடியாது. வெளியே பிசுபிசுப்பாக இருப்பதை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். மெழுகு போடப் போகிறவருக்கு மட்டும் இதற்கு நேரெதிர் விதி. கிரீஸ் துளிகூட மிஞ்சாமல் முதலில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு ஒட்டாது.

மலிவுச் செயினின் ஆயுளைக் கூட்டுவது

பின் கடினத்துக்கு அடுத்தபடியாக ஆயுளைத் தீர்மானிப்பது அழுக்கு. நடுத்தரச் செயினைச் சுத்தமாக வைத்திருப்பவர், உச்ச விலைச் செயினைக் கருஞ்சாந்தாக ஓட்டுகிறவரைவிட நெடுநாள் ஓட்டுவார்.

எண்ணெய் போடுவது கீழ்ப்பக்கச் செயினின் உள்புறமாக, ரோலருக்கு ஒரு சொட்டு. முழுச் செயினுக்கும் ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டாது. பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றி, கால் மணி நேரம் விட்டு, வெளிப்புறத்தைக் காய்ந்த துணியில் பிடித்து ஓட்டுங்கள். துணியில் கறை வருவது நிற்கும்வரை. வெளியே மிஞ்சும் எண்ணெய் எதையும் காக்காது, மண்ணை இழுத்து ஒட்டவைப்பது மட்டுமே அதன் வேலை. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் கோந்தாகிவிடும்.

மெழுகில் முக்கி எடுப்பது இதைவிடச் சுத்தம். உருகிய பாரஃபின் மெழுகு 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் இருக்க, கழுவிக் காயவைத்த செயினை 15 நிமிடம் மூழ்க வைத்து, அசைத்து, எடுத்துத் தொங்கவிடுங்கள். நேர் தீயில் சூடாக்காதீர்கள், மெழுகு ஆவி தீப்பிடிக்கும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தால் பயமில்லை. ஆறியதும் குச்சிபோல விறைத்திருக்கும், ஒவ்வொரு கண்ணியாக மடக்கி உடைத்துவிட்டு மாட்டுங்கள். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், மழையில் நனைந்தால் உடனே. ஈரத்தில் ஓட்டுவதே வழக்கமென்றால் மெழுகு உங்களுக்கு ஒத்துவராது, எண்ணெயே மேல்.

போலியும் முதல் அளவும்

பிரபல நிறுவனங்களின் மேல்படிச் செயின்களுக்குப் போலி உண்டு. மற்ற இடங்களைவிட வெகுவாக விலை குறைந்திருந்தால் அதுவே முதல் அடையாளம். தகட்டில் பொறித்த எழுத்து ஆழமில்லாமல், கண்ணிக்குக் கண்ணி இடம் மாறியிருக்கிறதா, பின் முனைகள் ஒரே சீராக விரிந்திருக்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். விரைவு இணைப்பில் நிறுவனப் பெயர் இல்லாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். போலியில் பின் கடினப்படுத்தப்பட்டிருக்கும் என்று நம்ப இடமில்லை, ஆக நீங்கள் காசு கொடுத்த ஒரே காரணமும் அதில் இருக்காது.

மாட்டிய அன்றே 24 பின் அளவை எடுத்து, தேதியோடும் கிலோமீட்டரோடும் குறித்துவையுங்கள். அடுத்தது 500 கிமீயில், அதன்பின் ஒவ்வொரு 500க்கும். முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று வேகமாக நீண்டு அப்புறம் நிதானமானால் பயப்பட வேண்டாம், பாகங்கள் ஒன்றோடொன்று பழகுவதுதான் அது. வெட்டி எடுத்த மிச்சக் கண்ணிகளை எறியாமல், அதே வேகத்துக்குரிய ஒரு விரைவு இணைப்போடு சேர்த்து இருக்கைக்கு அடியில் தொங்கும் பையில் போட்டுவையுங்கள். பொட்டலத்தின் மேல் எத்தனை வேகம் என்று எழுதிவிடுங்கள். 10 வேக இணைப்பு 12 வேகச் செயினில் உட்காராது, இருட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.